சலிப்பை எண்ணியவள்

பிரிசில்லா தன் இறுதியாண்டுத் திட்டத்துக்காக எண்ணத் தொடங்கியது அம்மாவின் 'ப்ச்'சைத்தான்.

அதைவிட நல்ல மூலப்பொருள் வேறெங்கும் கிடைத்திருக்காது. சங்குமுனை மாதா கோயில் தெருவில் அந்தோணியம்மாளின் 'ப்ச்' பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பால் பொங்கி வழிந்தால் ஒன்று. மீன்காரர் நெத்திலி இல்லை என்று சொன்னால் ஒன்று. குழாயைத் திறந்து மஞ்சளாகத் தண்ணீர் வந்தால் மூன்று, அடுத்தடுத்து, பல்லுக்கும் நாக்குக்கும் நடுவே பட்டாசு வெடித்த மாதிரி. அதற்குப் பிறகு வாய் திறந்தால் நகர அலுவலகத்தில் இருக்கிற ஒருவருக்கும் அன்று புரையேறாமல் இருக்காது.

சென்னையில் வடிவமைப்புக் கல்லூரியில் பிரிசில்லா படித்தது அச்சும் எழுத்துருவும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அறிவிப்புப் பலகைகளைக் கண்டால் ஆகாது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரியாக இருக்காது. ஒற்றின் புள்ளி ஓரிடத்தில் தலைக்கு மேலே நிற்கும், இன்னோரிடத்தில் காதோரம் தொங்கும். மணிக்கணக்கில் மனிதர்களை உட்கார வைக்கிற கூடத்தில் இப்படி எழுதி மாட்டினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும் என்று அவள் கேட்டாள். காத்திருக்கிற இடத்தின் சுவரே காத்திருப்பை லேசாக்க முடியுமா? அதுதான் திட்டம்.

அதற்காக ஒரு சிறிய நிரல் எழுதினாள். 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்ற அறிவிப்பின் எழுத்துகளை அது துண்டு துண்டாக வெட்டும். சுழிகளையும் வளைவுகளையும் வேறு வேறு விதமாகக் கோத்து ஒரு திரையில் காட்டும். திரைக்குப் பக்கத்தில் ஒரு ஒலிவாங்கி. 'ப்ச்' என்று கேட்டால் அப்போதிருக்கிற வடிவத்தை நிரல் தூக்கிப் போட்டுவிடும். கேட்காவிட்டால் அதை வைத்துக்கொண்டு, அதிலிருந்து இன்னும் நாலு வடிவத்தை உண்டாக்கும்.

கோடை விடுமுறையில் அந்தத் திரையைக் கொண்டுபோய் வீட்டு அடுக்களையில் மாட்டினாள். என்ன அது என்று அம்மா கேட்டதற்கு, காலேஜ் வேலை, சும்மா படம் மாறும் என்று சொல்லி முடித்துக்கொண்டாள். சோதனைக்கு உட்படுகிறவரிடம் எதை அளக்கிறோம் என்று சொல்லக்கூடாது. முதலாண்டு முதல் வாரத்தில் சொல்லித் தருகிற விதி அது. சொன்னால் அளவு கெட்டுப்போகும்.

முதல் வாரம் எழுத்துகளை அடையாளம் காண முடிந்தது. அடுத்தடுத்த வாரங்களில் அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்து, கரைந்து, எழுத்தா நீரோட்டமா என்று தெரியாத ஏதோ ஒன்றாக ஆயின. கண் அதில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. விடுமுறை முடியும் சமயத்தில் ஒரு நாள் முழுக்க அம்மாவிடமிருந்து ஒரு 'ப்ச்'கூட வரவில்லை. பிரிசில்லாவுக்கு உடம்பு சிலிர்த்தது. நான் செய்த ஒரு பொருள் என் அம்மாவைச் சந்தோஷப்படுத்திவிட்டது என்று நினைத்தாள். அப்படி இதுவரை எதுவும் நடந்ததில்லை.

கல்லூரிக்குத் திரும்பியதும் அந்த வடிவத்தை ரிசோ என்கிற அச்செந்திரத்தில் ஊதா ஒன்று, பச்சை ஒன்று என இரண்டு மையில் தாளில் அச்சிட்டாள். முதல் பிரதியை அம்மாவுக்கு அனுப்பினாள். ஆண்டுக் கண்காட்சியில் அதற்கு முன்னால் நின்ற விருந்தினர்கள் மதியச் சாப்பாட்டை மறந்தார்கள். அவர்களில் ஒருவர் சுவர்த்தாள் தயாரிக்கிற நிழற்கூரை என்ற நிறுவனத்துக்காரர். அவளுடைய வழிகாட்டி சுதர்சனம் சார் அவரோடு ஓரமாய்ப் பேசினார், பிறகு அவளைக் கூப்பிட்டார், பிறகு கையெழுத்துகள் நடந்தன. விருதுப் பலகையில் அவள் பெயரில் 'ல்'லுக்கும் 'லா'வுக்கும் நடுவே ஒரு ஆள் படுத்து எழுந்திருக்கிற அளவு இடம் விட்டிருந்தார்கள். ப்ச் என்றாள். அன்று முழுக்க அதுவே அவளை அரித்தது.

ஒரு வருடத்துக்குள் அந்தச் சுவர்த்தாள் எங்கும் வந்துவிட்டது. மருத்துவமனை, பேருந்து இருக்கைகளின் முதுகு, ரேஷன் கடை, பத்திரப்பதிவு, வங்கி. புகார்ப் பெட்டிகள் காலியாகக் கிடப்பதாகவும், ஊழியர்மீது கை ஓங்குவது அறவே நின்றுவிட்டதாகவும் செய்திகள் வந்தன. பிரிசில்லாவுக்கு நிழற்கூரையிலேயே வேலை கிடைத்தது. புதிய சுவர்களுக்கு ஏற்ப வடிவத்தை நீட்டிக் குறுக்கி ஒட்டுக்கு ஒட்டு பொருந்த வைக்கிற வேலை. நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவளுக்கு மட்டும் அது வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொள்வாள். செய்தவளின் கண்ணுக்குக் குறைதான் முதலில் தெரியும். இந்த வளைவு கனம் அதிகம், அந்தச் சுழி மூச்சு முட்டுகிறது. அலுவலகத்திலேயே அதிகம் 'ப்ச்' சொல்கிறவள் அவள்தான். சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். மருந்து காய்ச்சினவளுக்கே மருந்து பிடிக்கலையாம்.

அம்மாவோடு இருக்கிற அக்கா ரோஸ்லின் அழைத்தபோது குரலில் பதற்றமே இல்லை. குழந்தை ஜோயலுக்கு வயிற்றோட்டம், டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறது, முடிந்தால் வா என்றாள். அவ்வளவுதான். எட்டு மாதக் குழந்தை. பேருந்தில் போகும்போது, அக்கா ஏன் அழவில்லை என்று பிரிசில்லாவுக்குத் தோன்றியது. பெரிய ஆளாகிவிட்டாள் போலிருக்கிறது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

மருத்துவமனைக் கூடத்தில் சுவரெங்கும் அவளுடைய வடிவம். ஒட்டியவர்கள் ஒரு தாளை ஒரு விரற்கடை தள்ளி ஒட்டியிருந்தார்கள். நீரோட்டம் ஓரிடத்தில் முறிந்து நின்றது. உள்ளே குழந்தைக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்த நேரம் முழுக்க பிரிசில்லாவின் கண் அந்த முறிவைவிட்டு நகரவில்லை. யாருக்கு போன் செய்து திட்டலாம் என்று யோசித்தாள்.

தண்ணீர்தான் காரணம், கொதிக்க வைத்தாலும் போகாத ஏதோ அதில் கலந்திருக்கிறது என்றார் மருத்துவர். மாதா கோயில் தெருவிலிருந்து இது ஏழாவதோ எட்டாவதோ குழந்தை. அவரும் சாந்தமாகவே சொன்னார்.

வீட்டில் அம்மா மஞ்சள் தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே அந்த முதல் பிரதி, எண்ணெய்ப் புகை படிந்து. அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியைப் பிரிசில்லா குடித்தாள். காப்பியில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மாதான் உறுத்தினாள். குழாயைத் திறந்தாள், மூடினாள், துணியை உதறினாள், ஒரு சத்தமும் இல்லை. வாயோரம் லேசாய்ச் சிரிப்புகூட.

திங்கட்கிழமை குறைகேட்பு நாளுக்கு இன்னும் போகிறீர்களா என்று பிரிசில்லா கேட்டாள். முன்பெல்லாம் தெருப் பெண்களைத் திரட்டி, பாட்டிலில் மஞ்சள் தண்ணீரோடு அம்மா நகர அலுவலகத்துக்குப் போவாள். பொறியாளர் பின்வாசல் வழியாக நழுவுவார். இவர்கள் பின்வாசலுக்கும் இரண்டு பேரை நிறுத்துவார்கள். ஒருமுறை அந்தத் தண்ணீரை அவர் மேசையில் வைத்து, குடித்துவிட்டுப் பேசும் என்று அம்மா சொன்னது ஊரில் வெகுநாள் பேச்சாக இருந்தது.

போகிறோமே என்றாள் அம்மா. இப்போது அந்தக் கூடம் ரொம்ப நன்றாக இருக்கிறதாம். மின்விசிறிக் காற்று. பொறியாளரும் இப்போது ஓடுவதில்லை, எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறார், பார்க்கிறேன் என்கிறார். மனு கொடுத்துவிட்டு வருகிறோம்.

"பிறகு?"

"பிறகு என்ன பிறகு? அடுத்த திங்கக்கெழம போவோம்."

"நல்ல தண்ணி வரலையேம்மா. பிள்ளை ஆஸ்பத்திரில கெடக்கான்."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு அவளைப் பார்த்தாள். "ஏட்டி பிரிசி, அஞ்சு வருசமா கத்துனேன். அப்பவும் மஞ்சத் தண்ணிதான் வந்துச்சு, இப்பவும் மஞ்சத் தண்ணிதான் வருது. அப்ப ராத்திரியெல்லாம் தலவலி வரும். இப்ப வரல. என்னத்த கொறஞ்சு போச்சு?"

பிரிசில்லா எண்ணெய்ப் புகை படிந்த அந்தத் தாளைப் பார்த்தாள். அம்மாவின் வாயிலிருந்து எடுத்த எதையோ உலகம் முழுக்க ஒட்டிவிட்டோம் என்று அப்போதுதான் முதல் முறையாக நினைத்தாள்.

சுதர்சனம் சாரை அழைத்து, வடிவத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய பொறுமையும் இப்போது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் அறைச் சுவரிலும் அதுதானே.

"இங்க பாரும்மா," என்றார். "வரிசைல நிக்கறவன் பி.பி. குறைஞ்சிருக்கு. கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு அடி வாங்காம வீட்டுக்குப் போறா. நீ செஞ்சது சின்ன விஷயமில்ல."

"சார், குறை அப்படியே இருக்கு. அதைச் சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல."

"அது அந்த ஆபீஸோட பிரச்சினை. சுவரோட பிரச்சினை இல்ல. உனக்கு ஒரு கெட்ட பழக்கம்மா, முடிஞ்ச வேலையைத் திரும்பத் திரும்ப நோண்டுவ." பிறகு சிரித்தார். "ஒப்பந்தத்துல உனக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல. நிம்மதியா இரு."

அவள் நிம்மதியாக இருக்கவில்லை. நிரலைத் தலைகீழாகத் திருப்பினாள். இந்த முறை 'ப்ச்' கேட்டால் வைத்துக்கொள், கேட்காவிட்டால் தூக்கிப் போடு. 'ப்ச்' சொல்ல இப்போது ஊரில் அவளைத் தவிர ஆளில்லை. அதனால் மடிக்கணினிக்கு முன்னால் தானே உட்கார்ந்து சொன்னாள். ஒரு வாரத்தில் அவளால் ஒரு நொடிகூடப் பார்க்க முடியாத ஒரு வடிவம் பிறந்தது. இடைவெளிகளெல்லாம் மயிரிழை தப்பி, சமநிலை ஒவ்வோரிடத்திலும் கையெட்டும் தூரத்தில் கலைந்து. பல் கூசியது அவளுக்கு. அச்சிட்டு அம்மாவிடமும் ரோஸ்லினிடமும் பக்கத்து வீட்டுப் புஷ்பத்திடமும் காட்டினாள். அம்மா நல்லா இருக்கு என்றாள். புஷ்பம், பழசவிட இது கலராருக்கு என்றாள். ரோஸ்லின், ஜோயலின் தொட்டிலுக்கு மேலே ஒட்டட்டுமா என்று கேட்டாள்.

அவளுடைய எரிச்சல் அவளுக்கு மட்டுந்தான் எரிச்சல். எழுத்து இடைவெளிக்காக உலகத்தில் வேறு யாரும் பல்லைக் கடிக்கப் போவதில்லை.

ஜோயலை இரண்டாவது முறை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இந்த முறை கண் உள்ளே போயிருந்தது, அழுதால் கண்ணீர் வரவில்லை. இன்னொரு முறை இப்படி வந்தால் என் கையில் இல்லை என்றார் மருத்துவர். ரோஸ்லின் தலையாட்டினாள். அம்மாவும் தலையாட்டினாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள், மதியப் பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி.

பிரிசில்லா அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்தாள். அங்கே சுவர் இல்லை. சொல்லக்கூடாத விதியை அங்கே மீறினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அடுக்களையில் மாட்டிய திரை, ஒலிவாங்கி, வெட்டிய எழுத்துகள், அம்மா சலித்துக்கொள்ளாத வடிவங்களை மட்டும் வைத்துக்கொண்ட நிரல்.

அம்மா மரத்தடித் திண்டில் உட்கார்ந்தாள்.

"என்னைய எண்ணுனியா?" என்றாள்.

"ஆமா."

"நான் அடுப்புகிட்ட நிக்கேன். எம்மவ லீவுல வந்திருக்கா, பக்கத்துல உக்காந்து எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன். புஷ்பத்துட்டகூடச் சொன்னேன், மெட்ராசுக்குப் போனப்புறம் புள்ளைக்கு என்மேல பாசம் கூடிருச்சுன்னு."

பிரிசில்லா தரையைப் பார்த்தாள். அம்மா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தக் கோபத்தை எடுத்துவிட்டதும் அவளேதான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அளவு கெட்டுரும்மா."

"கெட்டாத்தான் என்ன?"

காற்றில் வேப்பம்பழம் இரண்டு விழுந்தன. உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை மெலிதாக வந்து நின்றது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைப் போக்க வழி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் பிரிசில்லா. ஒருமுறை பார்த்தால் அது நாள்கணக்கில் தங்கும், தூங்கி எழுந்தாலும் போகாது. ஆனால் விழித்திருக்கும்போது ஒரு மணிநேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் வடிந்துவிடும். சோதனையில் பார்த்திருக்கிறார்கள். நிறுவனம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"பொது இடத்துல எவன்மா ஒரு மணிநேரம் கண்ண மூடி உக்காருவான்?"

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏன், ஜெபமாலைக்கு நாங்க உக்காரல?"

வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கு மேலே இருந்த தாளை அம்மா சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். புஷ்பத்தையும் மற்றவர்களையும் கூப்பிட்டாள். மகள் என்ன செய்தாள் என்று சொல்லவில்லை. பிரிசில்லா சொல்லச் சொல்லிக் கேட்டும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆபீசில் ஜெபம் என்று மட்டும் சொன்னாள். புஷ்பம், ஆபீசில் எந்த மாதாவுக்கு என்று கேட்டாள். தண்ணி மாதாவுக்கு என்றாள் அம்மா.

திங்கட்கிழமை நகர அலுவலகக் கூடத்தில் பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஜோயலை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு ரோஸ்லினும் வந்திருந்தாள். வாசலிலேயே தலையைக் குனிந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்ததால் சுவரை யாரும் பார்க்கவில்லை. பிரிசில்லா மட்டும் பார்த்தாள். அவளுக்குத்தான் அது ஒன்றும் செய்யாதே. மேல்வரிசையில் ஒரு தாள் உரிந்து தொங்கியது. ப்ச் என்றாள்.

"நீயும் மூடு," என்றாள் அம்மா.

"எனக்கு வேண்டாம்மா. என்னை அது பிடிக்காது."

"மூடுட்டி."

மூடினாள். முதலில் இமைக்குள்ளும் அந்த நீரோட்டம் ஓடியது, ஊதாவும் பச்சையுமாக. பெண்கள் மெல்லிய குரலில் ஜெபம் சொல்லி ஜெபமாலை மணிகளை நகர்த்தினார்கள். அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே. உரிந்த தாளைப் பற்றி நினைத்தாள். விருதுப் பலகையின் இடைவெளியைப் பற்றி நினைத்தாள். பிறகு அவற்றைப் பற்றி நினைக்க முடியவில்லை. நினைத்தால் பிடிமானம் கிடைக்காமல் வழுக்கின. ஏதோ ஒன்று வடிந்துகொண்டிருந்தது. வடிந்த இடத்தில் அடியில் என்ன கிடந்தது என்று தெரிய ஆரம்பித்தது.

காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட ஜோயலுக்குப் பால் கலந்தது அவள்தான். அந்தத் தண்ணீரில். கொதிக்க வைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, புட்டியில் ஊற்றி, சொட்டு ஒன்றைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்து. ஊருக்கு வந்த நாளிலிருந்து தினமும் அப்படித்தான் கலந்தாள். கடையில் ஒரு கேன் தண்ணீர் வாங்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அம்மா ஏன் சத்தம் போடவில்லை என்றுதான் பார்த்தாளே தவிர, தான் ஏன் போடவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. சின்னச் சின்னதற்கெல்லாம் அவள் சொன்ன 'ப்ச்'சுகளை அந்தச் சுவர் அவளுக்கே விட்டுவைத்திருந்தது. பெரியதை எடுத்துக்கொண்டு, சில்லறையைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தது.

அந்தப் பெரியது இப்போது திரும்பி வந்தது. பக்கத்தில் ஜெபத்தின் குரல்கள் மாறிக்கொண்டிருந்தன. வேகம் கூடியது. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டே மரியே என்றார்கள். இன்னொரு பக்கம் ரோஸ்லின் அழத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து அழுதாள். யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

கதவு திறக்கிற சத்தம். செருப்புச் சத்தம் அருகில் வந்தது. பொறியாளர்தான். எப்போதும்போல மென்மையாக, என்னம்மா, எல்லாரும் ஏன் கண்ணை மூடிட்டு இருக்கீங்க, மனுவைக் குடுங்க, பார்க்கிறேன் என்றார்.

"மனு அம்பது குடுத்தாச்சு," என்றாள் அம்மா. அந்தக் குரல்! பிரிசில்லா ஒரு வருடத்துக்கு மேலாகக் கேட்காத குரல். கத்தவில்லை. கத்துவதற்கு முன்னால் கடல் உள்வாங்குமே, அப்படி இருந்தது. "எம்பேரன் ஆஸ்பத்திரில கெடக்கான். எங்க தெருவுல இன்னும் ஏழு புள்ள. நீங்க அதையெல்லாம் கேட்டியளா சார்?"

கேட்டேனேம்மா, குறிச்சு வச்சிருக்கேன் என்றார் அவர். உண்மையாகத்தான் சொன்னார். அவர் மேசை அந்தச் சுவருக்கு நேர் எதிரே. காலை முதல் மாலை வரை அவரும் அதைத்தான் பார்க்கிறார்.

"குறிச்சுட்டு உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?"

"வருதே," என்றார் அவர். சொன்னபிறகு அந்தச் சொல் அவருக்கே விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். செருப்பு தரையில் ஒருமுறை உரசியது.

"நாங்க இன்னும் ஒரு ஜெபமாலை, அம்பத்து மூணு மணியும் சொல்லணும்," என்றாள் அம்மா. "நீங்களும் எங்ககூட உக்காருங்க. கண்ண மூடிக்கிடுங்க. ஜெபம் தெரியலன்னாலும் சும்மா உக்காருங்க. பிறகு பேசுவோம்."

எனக்கு வேலை இருக்கே என்று அவர் முணுமுணுப்பது கேட்டது. பிறகு நாற்காலி ஒன்றை இழுக்கிற சத்தம். அது கிரீச்சிட்டு நின்றது, யாரோ அதில் பாரமாய் உட்கார்ந்தார்கள். மணிகள் மீண்டும் நகர்ந்தன. அவர் கண்ணை மூடினாரா, இல்லை எப்போதும்போலச் சுவரைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? அது தெரிய வேண்டுமானால் பிரிசில்லா கண்ணைத் திறக்க வேண்டும்.

அவள் திறக்கவில்லை. இருட்டில் கையை நீட்டி அம்மாவின் கையைத் தேடினாள். அம்மா கையைக் கொடுக்கவில்லை, ஆனால் விலக்கிக்கொள்ளவும் இல்லை.